அக்காவின் கார் உட்கார்ந்த கதை

ஏரல் தாண்டி, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். வெயில் இன்னும் ஏறவில்லை. முன்னால் அக்காவின் பெரிய கார், பின்னால் என் சின்ன கார். திடீரென்று பெரிய கார் ஓரங்கட்டியது. நின்ற இடத்திலேயே, ஒரு அவசரமும் இல்லாமல், இடது முன் மூலையிலிருந்து இறங்க ஆரம்பித்தது. "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பந்தியில் இடம் கிடைத்த பெரியவர் சம்மணம் போட்டு உட்காருவாரே, அந்த நிதானம்.

அத்தானும் காரோடு சேர்ந்து இறங்கினார். அத்தான் என்றால் என் அக்கா சுயம்புக்கனியின் கணவர். அன்றைக்கு ஆழ்வார்திருநகரியில் அவருடைய தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறைக்குப் போவாள், அது எங்கள் வழக்கம். பட்டு வேட்டி கசங்காமல், வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

"ஏளா, என்ன இது, மறுபடியும் உக்காருது?"

"எந்திரிக்கும். செத்தப் பொறுங்க," என்றாள் அக்கா. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

எஞ்சினை அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்தாள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, "டயரு பஞ்சராம்மா?" என்று கேட்டார். டயர் நாலும் நன்றாகத்தான் இருந்தன. "இல்லண்ணாச்சி, காருதான் உக்காந்துட்டு," என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

"எக்கா, என் காருல ஏறு. நேரமாவுது."

"ரெண்டு நிமிசம்லே. சூடு ஆறட்டும், எந்திரிச்சிரும்."

அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் எல்லாம் போயிற்று. கடைசியில் மூன்று பேரும் என் காரில் நெருக்கியடித்துப் போய்ச் சேர்ந்தபோது வாசல் வரை மேளம் கேட்டது. பெண்ணின் கழுத்தில் மாலை கிடந்தது. முகூர்த்த நேரம் முடியப் போகிறது என்று அவசரப்படுத்தி, ஒன்றுவிட்ட மாமா ஒருவரைப் போட வைத்துவிட்டார்கள்.

அத்தான் கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தார். பந்தியில் உட்காரவில்லை. மோர்கூடக் குடிக்கவில்லை.

திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அந்தக் காரை வித்துரு."

அத்தான் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அதிரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அக்கா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி, வித்துருதேன்," என்றாள்.

எதற்காக வாங்கினாள்

அக்கா உப்பு வியாபாரி. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்களில் உப்பு வாங்கி லோடு லோடாக வெளியூருக்கு அனுப்புவாள். ஆரம்ப காலத்தில் லாரியின் முன் சீட்டில், டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் உட்கார்ந்து போய்வந்தவள். இடுப்பு வலி அப்போது வந்ததுதான். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் மூன்றாம் நாளே, "இந்தம்மா எனக்கே ஓட்டச் சொல்லிக் கொடுக்காங்க," என்று என்னிடம் வந்து புலம்பினார்.

பிறகு ஒருநாள் மதுரைக்குப் போனாள். வெளிநாட்டுக் கம்பெனி காரொன்றோடு வந்து நின்றாள். கருநீல நிறம். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"எதுக்குக்கா இம்புட்டுப் பெரிய வண்டி?" என்று கேட்டேன். பொறாமைதான், வேறென்ன.

"கதவச் சாத்திப் பாருலே."

சாத்தினேன். தொப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தெருவே காணாமல் போய்விட்டது. எதிர்வீட்டு மிக்சி, ஹார்பர் லாரிகளின் ஹாரன், காய்கறி வண்டிக்காரரின் ஸ்பீக்கர், ஒன்றும் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

"பொழுது விடிஞ்சா மோட்டார் சத்தம், லாரிச் சத்தம், போன் சத்தம். எனக்குன்னு ஒரு இடம் இருக்கா சொல்லு? இப்பம் இருக்கு."

நானும் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன்.

அந்தக் காரில் விடிகாலையில் திருச்செந்தூர் ரோட்டில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். பழையகாயல் தாண்டினால் ஒரு பக்கம் உப்பு அம்பாரம் அம்பாரமாக வெள்ளையாகக் கிடக்கும். வேகத்தடை வருவது கண்ணுக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியாது. முதுகுக்குப் பின்னால் சீட்டிலிருந்து குளிர்ந்த காற்று வரும். எங்கள் ஊர் வெயிலில் முதுகு குளிர்வது என்றால் சும்மாவா? எஞ்சின் ஓடுகிறதா என்று நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு வண்டியை இன்றுவரை நான் பார்த்ததில்லை. இதை எழுதும்போது என் காரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறேன், பாவம், அதற்கும் மனசு என்று ஒன்று இருக்குமே.

விலை கூடிய காபி

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருஷம் ஆரம்பித்தது.

முதலில் பார்க்கிங் சென்சார். காலி இடத்தில் நின்றுகொண்டு யாரோ குறுக்கே வருகிற மாதிரி கூவும். பிறகு பிரேக் சம்பந்தமாக ஒரு மஞ்சள் விளக்கு. பிறகு கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே, அக்கா வெளியே. அதற்குப் பிறகுதான் இந்த உட்காரும் வியாதி.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். இந்தக் காரில் அதற்குப் பதிலாக ரப்பர் பையில் காற்று. அந்தக் காற்றுதான் வண்டியைப் பூமாதிரி தாங்குகிறது. அது கசிந்தால் வண்டி உட்கார்ந்துவிடும். சொகுசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வில்லங்கமும் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஊர் மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு மூடிவிடுவார்கள். மதுரைக்குத்தான் போக வேண்டும். கட்டி இழுக்கவும் கூடாதாம். லாரி வந்து, தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போகும். அக்காவின் கார் போகிறது என்று தெருவே வேடிக்கை பார்க்கும். ஸ்டெப்னி கிடையாது. ஒரு டயர் போனால் அந்த விலைக்கு என் காரின் நாலு டயரையும் மாற்றி மிச்சத்துக்கு அல்வா வாங்கலாம்.

மதுரை சர்வீஸ் சென்டரில் நானும் கூடப் போயிருக்கிறேன். பளிங்குத் தரை, மெத்தென்ற சோபா. பீங்கான் கோப்பையில் காபி கொடுப்பார்கள், கூடவே இரண்டு பிஸ்கட். பில் வரும்போதுதான் அந்தக் காபியின் விலை தெரியும். அக்கா பில்லைப் பார்ப்பாள், மடிப்பாள், கைப்பையில் வைப்பாள். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. "நல்ல பொருளு செலவு வைக்கத்தாம்லே செய்யும்," என்பாள். வெளியே வந்த பிறகு இரண்டு கிலோமீட்டர் தூரம் வாயே திறக்க மாட்டாள், அது வேறு விஷயம்.

அங்கே ஒரு தம்பி இருந்தார். டை கட்டிய, மரியாதையான பையன். அவர்தான் சொன்னார்: "மேடம், அடியில ஒயர் கனெக்டர் எல்லாம் சால்ட் அடிச்சிருக்கு. கோஸ்டல் ஏரியாவுல இது வரத்தான் செய்யும். அடிக்கடி வாஷ் பண்ணுங்க. மேல மட்டும் இல்ல, அடிப்பக்கமும்."

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. உப்பில் பிறந்து உப்பில் வளர்ந்தவளின் காரை உப்பு தின்பதா?

காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல்

வீடு திரும்பியதுமே அத்தானைக் கூப்பிட்டாள். "இனிமே தெனம் ரெண்டு நேரம் கழுவணுங்க. அடியில ஓஸ் விட்டு அடிக்கணும்."

அத்தான் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர். தினத்தந்தியும் இல்லாமல் டிவியும் இல்லாமல் ஒரு வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓஸ் நுனியைப் பெருவிரலால் அமுக்கிப் பிடித்து, சக்கரத்துக்கு உள்ளே, வயிற்றுக்கு அடியே, சர் சர்ரென்று அடிப்பார். பிறகு மேல்பாகத்தை மெத்தென்ற துணியால் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைப்பார். கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் யார் துடைப்பது? அது தானாகக் காயும்.

குறை சொல்வாரே தவிர, அந்தக் காரின் மேல் அவருக்கும் ஒரு இது இருந்தது. "இன்னைக்கு எப்படி மின்னுது பாத்தியா மாப்ள?" என்று என்னிடம் கேட்பார்.

இவ்வளவு குளிப்பாட்டியும் கார் உட்காருவது நிற்கவில்லை. குளிப்பாட்டக் குளிப்பாட்டக் கூடிக்கொண்டே போனது. கடல் காற்று அப்படி என்று எல்லோரும் தலையாட்டினோம். அதன் உச்சம்தான் அந்தக் கல்யாண நாள்.

வார்த்தை

சொன்ன சொல்லை அக்கா தள்ளிப்போடவில்லை. மதுரையில் ஒரு ரப்பர் பையை மாற்றி வாங்கிவந்த கையோடு, பாளையங்கோட்டையில் பழைய கார் வாங்கி விற்கும் அண்ணாச்சி ஒருவரை வரச்சொன்னாள். வந்தார். மீன் மார்க்கெட் வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். இறங்கும்போது அவர் முகமே மாறியிருந்தது. கதவை இன்னொரு தடவை சாத்திப் பார்த்தார். அந்தத் தொப் சத்தம் யாரைத்தான் விட்டது?

"அப்பப்பம் உக்காரும் அண்ணாச்சி," என்று அக்கா சொன்னாள்.

"அதை நான் பாத்துக்கிடுதேன் தாயி. நமக்குத் தெரிஞ்ச பார்ட்ஸ் கடை இருக்கு."

விலை பேசி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. எழுத்து ஒன்றும் கிடையாது. உப்பு வியாபாரத்தில் அப்படித்தான். "ஏத்திக்கிடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டால் முடிந்தது. மறுநாள் விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது. ஆனால் இன்னொன்றும் உண்டு. உப்பில் என்ன குறை இருக்கிறதோ, ஈரமோ கசப்போ, அதை லோடு கிளம்பும் முன்னால் விற்கிறவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் லோடு திரும்பி வரும், பெயரும் போகும். சொன்ன பிறகு எடுப்பதும் விடுவதும் வாங்குகிறவர் பாடு.

அந்த வாரம் முழுக்க அக்கா தினமும் காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள். ஓட்ட மாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். சன்னல் வழியே அத்தான் பார்ப்பார், பிறகு உள்ளே போய்விடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செய்ய? டீயைக் குடித்துவிட்டு என் கடைக்குப் போய்விடுவேன்.

நாக்கில் வைத்தாள்

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் போனபோது அக்காவே சேலையைச் செருகிக்கொண்டு கார் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்தாள். இன்னொரு வீட்டுக்குப் போகிற பொருளைச் சுத்தமாக அனுப்ப வேண்டுமாம். அத்தான் ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், இன்னும் குழாயைத் திறக்கவில்லை.

அக்கா சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டாள். முந்தின நாள் தண்ணீர் காய்ந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, பழக்க தோஷம், நாக்கில் வைத்தாள். அளத்தில் ஆயிரம் தடவை அப்படித்தானே சாம்பிள் பார்த்திருக்கிறாள்.

முகம் சுளித்து, இன்னொரு பொட்டு எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"கசக்குலே."

"உப்புதானே?"

"காத்துல வந்த உப்பு கரிக்கும். இது கசக்கு. எங்கயோ தின்ன கசப்பா இருக்கே..."

நிமிர்ந்து அத்தான் கையிலிருந்த ஓஸைப் பார்த்தாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் வைத்தாள். தூ என்று துப்பினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர!

போர்த் தண்ணீர்! எங்கள் தெருவில் எந்த வீட்டில் போர் போட்டாலும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர். குழாயில் வராத நாளில் லாரித் தண்ணீர். அதற்கு நல்ல தண்ணி என்று பெயர், தனித் தொட்டி. மற்ற எல்லாவற்றுக்கும் போர். குளியலறைக் குழாய்கள் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். கீசர் ராடு அடிக்கடி போகும். வாஷிங்மெஷின் இரண்டு தடவை செத்துப் பிழைத்தது. இத்தனையும் தெரிந்த நாங்கள், உப்பை விரட்டுகிறோம் என்று அந்தக் காருக்கு இரண்டு வேளை உப்புத் தண்ணீரை ஊட்டியிருக்கிறோம்! மதுரைத் தம்பி சொன்னது சரிதான். எந்தத் தண்ணீரில் கழுவுவார்கள் என்று அவர் எங்கே கண்டார்? எங்கள் ஊரில் எங்களுக்கே தோன்றவில்லையே.

அத்தான் முகம் செத்துப்போய்விட்டது. கையிலிருந்த ஓஸைத் தரையில் வைத்தார். "அப்பம் நாந்தானா? அந்த மாலைக்கும் நாந்தானா?" என்று கேட்டார்.

அக்கா சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "கழுவச் சொன்னது யாரு? நானு. சொன்னதச் செஞ்சீங்க. சவத்த விடுங்க," என்றாள். கைத்துண்டை எடுத்து அவர் கையைத் துடைத்துவிட்டாள். இத்தனை மாதம் காரைப் பற்றி அவர் குத்திக் காட்டிய பேச்சுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு சொல் கொடுக்கவில்லை. என் அக்காவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

கருவாடு

சொன்ன நேரத்துக்கு அண்ணாச்சி வந்துவிட்டார். நான் அக்காவை ஓரமாக இழுத்தேன். "இப்பந்தான் வியாதி தெரிஞ்சு போச்சே. விக்க வேண்டாம்னு சொல்லிரு."

"வார்த்தை கொடுத்தாச்சு. எப்படிலே மாத்துவேன்?" என்றாள். நேரே அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, உங்க வண்டி ரெடி. எடுத்துட்டுப் போங்க. ஒரு குறை இருக்கு, இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. சொல்லிருதேன். இந்த வண்டியப் போர்த் தண்ணியில கழுவிட்டோம்."

"அதனால என்ன தாயி? எல்லாரும் கழுவுததுதான."

"தெனம் ரெண்டு நேரம். அடியில ஓஸ் விட்டு."

"எம்புட்டு நாளா?"

"அது ஆச்சு, ஒரு வருசத்துக்கு மேல."

அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். தரையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்தார். போனில் லைட்டைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் நகர்ந்து போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வெளியே வந்தபோது தலையெல்லாம் வெள்ளைத் தூள்.

"யம்மா, நான் காரு வாங்க வந்தேன். கருவாடு வாங்க வரல."

"கருவாடு லேசுல கெட்டுப் போவாது அண்ணாச்சி," என்றாள் அக்கா, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

"அதுக்கு நான் ஆளு இல்ல தாயி. நீங்க கொடுத்த வார்த்தைய நீங்களே வச்சிக்கிடுங்க. ஒரு காபி மட்டும் கொடுங்க, போதும்."

காபி குடித்துவிட்டுப் போனார். போகும்போதுகூட அந்தக் கதவை ஒரு தடவை சாத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எந்திரிச்சிட்டு

அவர் போன பிறகு அக்கா அத்தான் முன்னால் வந்து நின்றாள். "அவரு விட்டுட்டாரு. உங்களுக்கும் ஒரு வார்த்தை கொடுத்திருக்கேன். நீங்க சொல்லுங்க. வித்துருன்னா இன்னொரு ஆளப் பாக்கேன்."

அத்தான் காரைப் பார்த்தார், ஓஸைப் பார்த்தார். "தங்கச்சி மவளுக்கு வளைகாப்பு வரும்லா," என்றார். "அன்னைக்காவது என்னை நேரத்துக்குக் கொண்டு சேத்துருவியா?"

"சேக்கேன்," என்றாள் அக்கா. அழுகிறாளோ என்று பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வண்டி மறுபடியும் லாரி முதுகில் மதுரைக்குப் போனது. ரப்பர் பை, ஒயர், கனெக்டர் என்று அடிவயிறு முழுக்க மாற்றினார்கள். அந்தப் பில்லையும் அக்கா மடித்துக் கைப்பையில் வைத்தாள். இந்தத் தடவை நாலு கிலோமீட்டர் பேசவில்லை.

வளைகாப்பு வந்தது. நானும் அதே காரில், பின் சீட்டில். ஏரல் தாண்டி அந்த வாழைத் தோட்டம் வந்தபோது மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கார் காற்றைப் போலத் தாண்டிப் போனது. போய்ச் சேர்ந்தால் மண்டபத்தையே இன்னும் திறக்கவில்லை! வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தான் வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய கேட்டுக்கு முன்னால், ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் வளையலை அவர்தான் போட்டார்.

ஒன்று மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பும்போது கேட்டுவிட்டேன். "எக்கா, உண்மையச் சொல்லு. அன்னைக்கு அந்த அண்ணாச்சிகிட்ட நியாயத்துக்குச் சொன்னியா? இல்ல, அவரு ஓடிருவாருன்னு தெரிஞ்சு சொன்னியா?"

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ரெண்டுந்தாம்லே," என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கார் உட்காரவில்லை. என் கண்ணே பட்டுவிடக் கூடாது. நல்ல தண்ணித் தொட்டியிலிருந்து கார் நிற்கும் இடத்துக்குத் தனிக் குழாய் இழுத்துவிட்டாள் அக்கா. லாரித் தண்ணீருக்கு மாதா மாதம் கொடுப்பதைத் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். அத்தான்தான் இப்போதும் கழுவுகிறார். போன வாரம் போயிருந்தபோது, காரைத் தாமிரபரணித் தண்ணீரில் குளிப்பாட்டி, துடைத்து, அழகு பார்த்துவிட்டு, தோளில் துண்டோடு குளியலறைக்குக் கிளம்பினார்.

"அங்க என்ன தண்ணி அத்தான்?" என்று கேட்டேன்.

"போர்த் தண்ணிதான் மாப்ள," என்றார் அத்தான். "எனக்கு அடியில கனெக்டர் கெடையாதாம்."